நடாலிசுமாப் மருந்தை மாற்றும்போது

கேள்வி: மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக லண்டனில் 3 ஆண்டுகளாக நடாலிசுமாப் பெற்றுவரும் என் தங்கைக்கு ஜேசி வைரஸ் சோதனை பாசிட்டிவ் ஆனதால், மருந்தை மாற்றச் சொல்கிறார் மருத்துவர். சில மாதம் இடைவெளி விடலாமா?

பதில்: இடைவெளி நீளக் கூடாது. அவ்வைரஸ் உள்ளவர்கள் 2 ஆண்டுகளுக்கு மேல் இம்மருந்தைத் தொடர்ந்தால் அந்த வைரஸால் வரும் பிஎம்எல் என்னும் கொடிய மூளைத்தொற்றின் அபாயம் கூடுவதால், மருத்துவர் சொல்வது சரியே. ஆனால் மருந்து நின்றதும், அது மூளைக்குள் புகாமல் தடுத்திருந்த வெள்ளணுக்கள் மீண்டும் நுழைந்து, சில மாதங்களிலேயே நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதால், ஓக்ரெலிசுமாப் போன்ற அடுத்த மருந்தைப் பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்களுக்குள் தொடங்குவார்கள். அதற்குமுன் எம்ஆர்ஐ ஸ்கேனும் ஹெபடைடிஸ் பி சோதனையும் அவசியம். தடுப்பூசிகள் குறித்தும் இப்போதே கேட்டுவிடுங்கள். பிஎம்எல் அபாயம் இருப்பதால், நடாலிசுமாப் நின்று 6 மாதங்கள் வரை பேச்சிலோ பார்வையிலோ நடத்தையிலோ மாற்றம் தெரிந்தால், தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.