அணியம் துள்ளுகிறதா? அவுட்போர்டு மோட்டார் கேள்வி-பதில்

ஃபைபர் படகுக்குப் புது அவுட்போர்டு மோட்டார் மாட்டினோம். வேகம் எடுத்தால் அணியம் (படகின் முன்பகுதி) எழும்பி எழும்பி விழுகிறது. மோட்டார் கோளாறா? (நாகப்பட்டினம்)

மோட்டாரில் பழுதில்லை. அதன் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி, படகின் பின்பலகையை விட்டு அதிகமாக விலகி நிற்கிறது. கால் விலகினால் அணியம் உயரும், உள்ளே வந்தால் தாழும். டிரிம், அதாவது மோட்டாரின் சாய்வை மாற்றுவது, இவ்வளவுதான். துள்ளல் தொடங்கியதும் வேகத்தைக் குறைத்து, டிரிம் பொத்தானை விட்டு விட்டு அழுத்திக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்குங்கள். கைப்பிடியால் திருப்பும் சிறிய மோட்டார்களில் பெரும்பாலும் பொத்தான் இருக்காது. மோட்டாரை நிறுத்தி, தாங்கியில் உள்ள கம்பியை உருவி ஒரு துளை உள்ளே தள்ளிச் செருக வேண்டும்.

அதற்கும் முன்னால், ஐஸ் பெட்டியும் பெட்ரோல் கேன்களும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாவற்றையும் பின்னால் குவித்துவிட்டு டிரிம்மோடு மல்லுக்கட்டுபவர்களே அதிகம். பாரத்தைப் பரப்பி வையுங்கள். கரையை விடும்போது சரியாக இருந்த சாய்வு, எரிபொருள் குறைந்து மீன் ஏறிய பிறகு சரியாக இருக்காது. திரும்பும் முன் மறுபடி பார்க்க வேண்டும்.

கொள்ளிடம் முகத்துவாரத்தில் பின்னாலிருந்து அலை தள்ளும்போது அணியத்தை நன்றாகத் தாழ்த்தினால் படகு நிலையாக நிற்கும் என்கிறார்கள். சரியா? (பழையாறு)

தவறு, அதுவும் ஆபத்தான தவறு. தாழ்ந்த அணியம் முன்னே போகும் அலையில் குத்தும். அதே நேரத்தில் பின்னால் வரும் அலை பின்புறத்தைத் தூக்கித் தள்ள, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். காலைச் சிறிது வெளியே விட்டு அணியத்தை லேசாக உயர்த்துங்கள். முன்னே போகும் அலையின் முதுகிலேயே வேகத்தை ஒட்டி வாருங்கள். அதன் முகட்டைத் தாண்டிப் பாயவும் கூடாது, பின் அலை உங்களைப் பிடிக்கும் அளவுக்குத் தயங்கவும் கூடாது.

எதிரலையில் வெளியே போவது வேறு கணக்கு. காலைக் கொஞ்சம் உள்ளே வாங்கினால், அடிப்பாகத்தின் கூரான முன்பகுதி அலையை வெட்டும், முதுகெலும்பும் தப்பும். ஆனால் வாடைக் காலத்தில் முகத்துவாரம் முழுக்க அலை உடைந்துகொண்டிருந்தால் எந்தச் சாய்வும் உதவாது. காத்திருங்கள். மணல் திட்டும் போன மாதம் பார்த்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

அலையாத்திக் காட்டுப் பக்கம் தண்ணீர் குறைவு. மோட்டாரைத் தூக்கி வைத்து ஓட்டலாமா? (முத்துப்பேட்டை)

மெதுவாக ஓட்டினால் மட்டும். குளிர்விக்கும் நீரை இழுக்கும் துளைகள் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். பின்பக்கம் பீச்சும் நீர்த்தாரை மெலிந்தால் உடனே நிறுத்துங்கள்; சேறு அடைத்திருக்கலாம். தூக்கிய நிலையில் முழு வேகம் கொடுத்தால் விசிறி (படகைத் தள்ளும் புரொப்பல்லர்) காற்றை இழுக்கும். இயந்திரம் அலறும், படகு நகராது.

படகு எப்போதும் வலப்பக்கமே இழுக்கிறது. (தரங்கம்பாடி)

முதலில் டிரிம்மைச் சற்று மாற்றிப் பாருங்கள். இழுப்பின் அளவு அதோடு மாறும். தீரவில்லை என்றால், விசிறிக்கு மேலுள்ள தட்டின் அடியில் ஒரு சிறிய துடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திருகைத் தளர்த்தி, அதன் பின் விளிம்பை வலப்பக்கமாகவே சிறிது திருப்பி இறுக்குங்கள். எதிர்ப்பக்கம் திருப்பத்தான் கை போகும், அப்படித் திருப்பிவிடாதீர்கள்.

நிறுத்து கயிற்றை (ஓட்டுபவர் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிறு) கையில் மாட்டினால் வலை இழுக்கத் தொல்லையாக இருக்கிறது. (வேதாரண்யம்)

வலை இழுக்கும்போது மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். ஓடும்போது மாட்டியே தீர வேண்டும். துள்ளும் படகில் ஓட்டுபவர் விழுந்தால், மோட்டாரை நிறுத்த அது ஒன்றுதான் இருக்கிறது.