ஒன்றரை ஷிப்டுக்கு நடுவில் மனசை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: வணக்கமுங்க அக்கா. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன், வயது 36. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவேன். சோறாக்கி, பாத்திரம் கழுவி, போன் பார்த்துக்கொண்டே படுத்தால் மணி ஒன்றாகிவிடுகிறது, ஐந்தரைக்கு மறுபடி எழ வேண்டும். கொஞ்ச நாளாக எதிலும் பிடிப்பில்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். தியானம் செய்யச் சொல்கிறார்கள். கண்ணை மூடினால் இன்னும்தான் கண்டதும் ஓடுகிறது. டாக்டரிடம் போனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயம். நேரமே இல்லாதவர்கள் என்ன செய்வதுங்க?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, இப்போதைக்குத் தியானத்தை விடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார் என்றால் யாருக்குத்தான் முடியும்?

நீங்கள் தூங்குவது நாலரை மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தாலே எரிச்சல் வரும், அதை உங்கள் குணம் என்று நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். நாள் முழுக்க உங்களுக்கென்று கிடைப்பது அந்தப் போன் நேரம் ஒன்றுதான், அதனால்தான் விட மனசு வரவில்லை, எனக்குப் புரிகிறது. பாருங்கள், ஆனால் பத்தரையோடு நிறுத்தி, பாயிலிருந்து கை எட்டாத இடத்தில் சார்ஜில் போட்டுவிடுங்கள். பாத்திரத்தில் பாதியை வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கழுவட்டும். சாயங்கால பிரேக்கில் குடிக்கும் டீயையும் குறையுங்கள், அதிலுள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கும் வழக்கம் நம் ஊரில் ரொம்ப உண்டு. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அதற்கு மேல் போனால் அன்று ராத்திரி தூக்கம் தள்ளிப்போய் திங்கட்கிழமை உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். உடம்பின் கடிகாரம் சரியாக ஓடுவதற்குக் காலை வெளிச்சம் வேண்டும். கம்பெனி டியூப் லைட்டைவிட மேகம் போட்ட வானத்துக்குக்கூடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு, அதனால் மதியச் சோற்றையாவது வெளியே மர நிழலில் வைத்துச் சாப்பிடுங்கள், முடிந்தால் கம்பெனிக்குப் பத்து நிமிஷம் நடந்தே போங்கள்.

இன்னொன்று, மனசு சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அக்கா தங்கச்சிக்குப் போன் போடுவது என்று முன்பு பிடித்திருந்த ஒன்றைப் பிடிப்பில்லாமலேயே தினமும் செய்யுங்கள், பிடிப்பு பின்னால்தான் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே இது ஒரு முறை. நல்ல தண்ணி வரும் நாளில் குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடாமல் காம்பவுண்டுப் பெண்களோடு நின்று பேசுங்கள், அதை வெட்டிப்பேச்சு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

இரண்டு வாரத்துக்கு மேலும் இந்தப் பிடிப்பின்மை போகாவிட்டாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். வாழ வேண்டாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் நாள் பார்க்காதீர்கள், உடனே 14416-க்குப் போன் போடுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நாலு பேரை நினைத்துப் பயப்படாதீர்கள். சுகர் மாத்திரைக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் மனநலப் பிரிவும் இருக்கிறது, அதே மாதிரி ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள்.