ப்ராக் போக 280 யூரோ… ஊரில் கல்விக் கடன் வட்டி ஓடும்போது போகலாமா?

கேள்வி: ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் முதுகலை படிக்கிறேன். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. பகுதிநேர வேலைச் சம்பளத்தையும் சேர்த்தால், வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு போக 200 யூரோ வரை மிஞ்சும். ஊரில் 15 லட்சம் ரூபாய் கல்விக் கடன் இருக்கிறது, வட்டி 10.5%. இப்போதைக்கு அப்பாதான் மாதாமாதம் வட்டி கட்டுகிறார். வெள்ளி முதல் ஞாயிறு வரை செக் நாட்டுத் தலைநகர் ப்ராக் போய் வரலாம் என்று நண்பர்கள் கிளம்புகிறார்கள். என்னோடு சேர்த்து ஐந்து பேர்; அதில் மூன்று பேர் வேலையில் இருப்பவர்கள். ஆளுக்கு 280 யூரோ ஆகுமாம். ரூபாயில் கணக்குப் போட்டால் வயிற்றைக் கலக்குகிறது. வரவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஓவர்டிராஃப்ட்டில் எடுத்துப் போகலாமா? – ஒரு வாசகி

பதில்: ஓவர்டிராஃப்ட் வேண்டவே வேண்டாம். ஜெர்மன் வங்கிகள் பலவற்றில் அதற்கான வட்டி 10 சதவீதத்தைத் தாண்டும். இருக்கிற கடனே போதும். ஆனால் ப்ராக் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

15 லட்சத்துக்கு 10.5% என்றால் மாத வட்டி 13,125 ரூபாய். ஒரு யூரோ சுமார் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 131 யூரோ. அதாவது நண்பர்கள் சொல்லும் 280 யூரோ உங்கள் அப்பாவின் இரண்டு மாத வட்டி. அதையே 150க்குள் அடக்கினால் இந்த மாத மிச்சத்திலேயே முடிந்துவிடும், கையில் 50 நிற்கும்.

இந்த 280 எப்படி வந்தது? பழைய நகரத்துக்குள் ஹோட்டல், இரவில் நல்ல ரெஸ்டாரன்ட், எல்லாவற்றையும் ஐந்தாக வகுத்தல். சம்பளக்காரர் மூவரும் மாணவர் இருவரும் சரிசமமாகப் பிரித்துக்கொள்வது பார்க்க நியாயமாக இருக்கும். அடி வாங்குவது நீங்கள் இருவர்தான். அவர்கள் குடிக்கும் பீருக்கும் நீங்கள் பங்கு கட்டுவீர்கள். அதனால் ரூம் புக் செய்வதற்கு முன்பே குரூப்பில் போட்டுவிடுங்கள்: “என் பட்ஜெட் 150தான். ஹாஸ்டல்னா வர்றேன். சாப்பாட்டு பில் அவங்கவங்க தனித்தனியா.” யாரோ ஒருவர் தன் கார்டில் எல்லாவற்றையும் கட்டிய பிறகு இதைச் சொன்னால் சண்டையில்தான் முடியும். இன்னொரு மாணவரிடம் முதலில் பேசிப் பாருங்கள், அவருக்கும் இதே கவலை இருக்கலாம்.

டிரெஸ்டனிலிருந்து ப்ராக் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். முன்கூட்டியே எடுத்தால் பஸ்ஸில் போய்வர 40 யூரோவுக்குள் முடிக்கலாம். ஹாஸ்டலில் இரண்டு இரவுக்கு 50 ஒதுக்குங்கள்; அதற்கு மேல் நகர வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா, அதாவது சுமார் 2 யூரோ. மிச்சம் சாப்பாட்டுக்கும் டிராமுக்கும். வெள்ளி மதியமே போய்ச் சேர்ந்தால், வேலை நாளில் மட்டும் கிடைக்கும் மலிவான மதிய மெனுவைப் பிடிக்கலாம். சார்லஸ் பாலம், 1410-இல் வைத்த வானியல் கடிகாரம் மணிக்கு மணி காட்டும் பொம்மை வேடிக்கை, கோட்டை வளாகம் எல்லாம் இலவசம். கோட்டைக் கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட்.

பணம் கரைவது வேறு இடத்தில். செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். ஒரு யூரோவுக்கு சுமார் 24 கொருனா. சுற்றுலாப் பகுதி ஏடிஎம்மில் 3,000 கொருனா கேட்டால், “யூரோவிலேயே கழித்துக்கொள்ளட்டுமா?” என்று திரை கேட்கும். ஒப்புக்கொள்ளும் பட்டன் பளிச்சென்று இருக்கும். அமுக்கினால் ஏடிஎம் தன் இஷ்டத்துக்கு, உதாரணமாக 21 என்று, ரேட் போடும். 125 யூரோ போக வேண்டிய இடத்தில் 143 போகும். மறுப்பதற்கான பட்டனைத் தேடி அமுக்குங்கள். பணம் அப்போதும் வரும், ரேட்டை உங்கள் வங்கி போடும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், கொருனா என்றே சொல்லுங்கள். உண்மையில் பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும், ரொக்கம் கொஞ்சம் போதும். சில கார்டு ஆப்களில் சனி, ஞாயிறு மாற்றினால் கூடுதல் கட்டணம் உண்டு. வியாழக்கிழமையே கொஞ்சம் கொருனாவாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் மாற்றும் கடையில் “கமிஷன் 0%” என்ற போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், லாபம் ரேட்டிலேயே இருக்கும். ஏமாந்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யலாம். 1,000 யூரோ வரை அந்த உரிமையைச் சட்டமே தருகிறது. பழைய நகரச் சதுக்கத்துக் கடைகளில் சுட்ட பன்றிக்கறி வாங்கினால் போர்டை முழுதாகப் படியுங்கள். எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. அவர்கள் வெட்டிப் போடுவது அதைப்போல மூன்று மடங்கு இருக்கும்.

கடைசியாக, பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது எல்லையில் ஜெர்மன் போலீஸ் பஸ்ஸில் ஏறிப் பார்ப்பது இப்போது சகஜம். பெர்மிட் புதுப்பிப்பில் இருந்து தற்காலிகச் சான்று மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால், அது ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவில் கொடுத்ததா என்று பாருங்கள். 3-ஆம் உட்பிரிவு என்றால் அதை நம்பி வெளியே போய்த் திரும்ப முடியாது. மலிவு பஸ் டிக்கெட் பணமும் பெரும்பாலும் திரும்பி வராது. இதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.