ராஸ்பெரி பை போர்டில் மூன்று ஹார்ட் டிஸ்க்: கரண்ட் எங்கிருந்து வரும்?

கேள்வி (காட்பாடி): ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டர் போர்டை, ஃபைல்களைச் சேமித்து வைக்கும் வீட்டு சர்வராக ஓட்டுகிறேன். ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் இருந்தவரை தொல்லையில்லை. இரண்டாவதைச் செருகிய பிறகு, பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது ஏதாவது ஒன்று காணாமல் போகிறது. மூன்றாவதைச் செருகினால் ‘டிக் டிக்’ என்று சத்தம். 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், காசுக்குக் கேடு. பை 4-இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். அந்த வரம்பு போர்டிலேயே இருக்கிறது. அடாப்டரை மாற்றினாலும் அது அதிகமாகாது. 2.5 இன்ச் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் வரை இழுக்கும், எழுதும்போது அரை ஆம்பியர் அளவில் எடுக்கும். மூன்றும் சேர்ந்து எழுதினாலே 1.5 ஆகிவிடுகிறது. நீங்கள் கேட்ட ‘டிக் டிக்’, கரண்ட் போதாமல் டிஸ்க் சுழலத் தொடங்கி நின்றுபோகும் சத்தம். அப்படியே விட்டால் ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்கள் இருக்கும் அமைப்பு) கெடும்.

கோளாறு எங்கே என்று பார்க்க போர்டின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். வோல்டேஜ் சுமார் 4.63-க்குக் கீழே போனால் அது அணையும். விளக்கு மினுக்கினால் அடாப்டர் அல்லது அதன் கேபிள் மேல் சந்தேகப்படுங்கள். 28 கேஜ் மெல்லிய கம்பி ஒரு மீட்டரில் 2 ஆம்பியர் ஓடினால், போக வர 0.8 வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். 20 கேஜ் தடித்த கம்பியில் 0.15-க்குள் அடங்கும். விளக்கு அசையாமல் எரிந்தும் டிஸ்க் கழன்றால், பெரும்பாலும் அந்த 1.2 ஆம்பியர்தான் காரணம்.

வாங்க வேண்டியது தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி 3 ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி). பெட்டியில் எத்தனை போர்ட் என்று பார்க்காதீர்கள், அடாப்டர் லேபிளில் ‘அவுட்புட்’ வரியைப் படியுங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றிருந்தால் மூன்று டிஸ்க்குக்குப் பற்றாது. 5 வோல்ட் 4 ஆம்பியர், அல்லது 12 வோல்ட் 3 ஆம்பியர் (ஹப் உள்ளே 5 வோல்ட்டாக மாற்றித் தரும்) இருக்கட்டும். ‘சார்ஜிங்’ என்று மட்டும் அச்சிட்ட போர்ட்டில் டேட்டா போகாது. மூன்று டிஸ்க்கும் ஒரே ஹப் வழியாகப் போவதால் வேகம் குறையுமோ என்ற கவலை வேண்டாம். நெட்வொர்க் வழியே கிடைப்பதே விநாடிக்கு 110 எம்பி அளவுதான்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை. ஹப்பை பையோடு இணைத்து ஆன் செய்து, பையின் அடாப்டரை மட்டும் பிடுங்குங்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஹப் பின்வழியாக போர்டுக்குள் கரண்ட் தள்ளுகிறது. அதைக் கடையில் மாற்றுங்கள்.

ஹப்பும் பையும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். கரண்ட் போனபோது பை உயிரோடு இருந்து ஹப் மட்டும் அணைந்தால், மூன்று டிஸ்க்கும் எழுதிக்கொண்டிருக்கும்போதே கழன்றுவிடும். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், டிஸ்க்குகளை யூயூஐடி (UUID) என்ற தனி அடையாள எண் கொண்டு குறித்து ‘நோஃபெயில்’ (nofail) சேருங்கள். ஒரு டிஸ்க் வராவிட்டாலும் பை பூட் ஆகும். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர் அறைச் சூடு போதாதென்று டிஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 டிகிரிதான் எல்லை.

கேள்வி (குடியாத்தம்): பழைய கம்ப்யூட்டரின் 3.5 இன்ச் டிஸ்க் இரண்டு இருக்கின்றன. பை 5 வாங்கினால் நேராக இணைக்கலாமா?

பதில்: முடியாது. 27 வாட் அடாப்டர் போட்டால் பை 5 யூஎஸ்பிக்கு 1.6 ஆம்பியர் தரும். 3 ஆம்பியர் அடாப்டரில் வெறும் 0.6. ஆனால் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், அது யூஎஸ்பியில் வராது. கிளம்பும்போது ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கும். அதனால் இரட்டை டாக் (இரண்டு டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) வாங்கினால் 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் உள்ளதாகப் பாருங்கள்.

அந்த அடாப்டரின் செருகு முனையில் ‘12 வோல்ட்’ என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். 5 வோல்ட் ஹப்பின் ஜாக்கும் பல நேரம் அதே அளவுதான். மாறிச் செருகினால் ஹப்போடு டிஸ்க்கும் போகும்.

கேள்வி (ஆற்காடு): 5 வோல்ட் 4 ஆம்பியர் என்று போட்ட ஹப் அடாப்டர், இரண்டு டிஸ்க் போட்டதும் 4.4 வோல்ட்டுக்கு இறங்குகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர்.

பதில்: அந்த வரி குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலக்கெடு சொல்லாதபோது 30 நாளுக்குள் அப்படிப்பட்ட பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். யூஎஸ்பி மீட்டரில் 4.4 தெரியும்படியும் அடாப்டர் லேபிள் தெரியும்படியும் படம் எடுங்கள். லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உண்டா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் ஆப்பில் சரிபாருங்கள். பிறகு கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதிலில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.