களைத்து வீடு திரும்பும் நாட்களில் இரவுக்கு என்ன சமைப்பது?

கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், வார நாட்களில் களைத்து வந்த பிறகு முக்கால் மணி நேரத்துக்குள் பெரியவர்களும் குழந்தைகளும் ஒன்றாக உண்ணத்தக்க இரவு உணவாக எதைச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியோடுதான் நான் பல ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குள் நுழைகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்து கோரிமேட்டைத் தாண்டும்போதே தலை சுற்றலும் பசியும் சேர்ந்துகொள்ளும். வீட்டை அடையும்போது மணி ஆறே முக்கால் ஆகிவிடும். என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் வைத்திருக்கும் தானியக் கடையை மூடிவிட்டு வர ஒன்பது மணியாகும். வீட்டில் எழுபதைக் கடந்த அத்தையும், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளும், மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகனும் இருக்கிறார்கள். அத்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் எட்டு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும்.

முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விரைவான சமையல் என்றவுடன் நாம் கைப்பேசியில் புதுப்புதுக் குறிப்புகளைத் தேடத் தொடங்குகிறோம். நானும் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படித்தான் தேடினேன். பட்டியலில் இருக்கும் பொருள்களில் ஒன்று வீட்டில் இருக்காது; இருந்தாலும் அத்தைக்குப் பிடிக்காது. பகல் முழுவதும் வயல்காட்டில் களை எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்பிய பெண்கள் சமைத்த உணவுகள் நம் கொங்குப் பகுதியில் எத்தனையோ இருக்கின்றன. அவர்களைவிட நாம் அதிகம் களைத்து வருவதில்லை. அரிசிம்பருப்புச் சோறும் பச்சைப்புளி ரசமும் பயறு கடைசலும் ஒரே அடுப்பில், ஒரே பாத்திரத்தில், எப்போதும் வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டே முடிந்துவிடுபவை. களைத்த நாளுக்குரிய சமையல் இவைதான் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

இன்னொன்றையும் அத்தையிடம்தான் கற்றேன். திருமணமாகி வந்த புதிதில், கைப்பையைக்கூட வைக்காமல் குளிர்ப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தபடியே நின்றிருப்பேன். "மொதல்ல ஒலைய வெய்யி கண்ணு, என்ன செய்யறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்" என்பார். சமைப்பதைவிடத் தீர்மானிப்பதுதான் நம்மை அதிகம் களைக்கச் செய்கிறது. இப்போது திங்களும் வியாழனும் அரிசிம்பருப்பு, செவ்வாய் தோசை, புதன் சோறும் கடைசலும், வெள்ளி பச்சைப்புளி ரசம் என்று முறை வைத்துவிட்டோம். குழந்தைகள் சலித்துக்கொள்வார்கள் என்று அஞ்சினேன். ஆனால் இன்று என்ன சாப்பாடு என்று என்னைக் கேட்பதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அரிசிம்பருப்புச் சோற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதைக் குழைந்த சாம்பார் சாதம் என்று நினைத்துவிடுகிறார்கள். இதில் புளி கிடையாது. பருப்பைத் தனியே வேகவைப்பதும் கிடையாது. எங்கள் ஐந்து பேருக்கு ஒன்றரை டம்ளர் பொன்னி அரிசியும் அரை டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் துவரம்பருப்பும் எடுத்து, ஒன்றாகக் கழுவி ஊறவைத்துவிட்டு முகம் கழுவச் செல்வேன். திரும்பி வந்து குக்கரில் கடலெண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயத்தையும் எட்டுப் பத்துப் பல் பூண்டையும் சேர்த்து வதக்க வேண்டும். வெங்காயத்தின் ஓரம் பொன்னிறமாகும் வரை பொறுமையாக வதக்குவதில்தான் இந்தச் சோற்றின் மணம் முழுவதும் இருக்கிறது. அவசரப்பட்டு இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் சோறு நோயாளிக் கஞ்சிபோல் ஆகிவிடும். பிறகு ஒரு தக்காளி, மஞ்சள் தூள், உப்பு, கால் கரண்டி மிளகாய்த் தூள் சேர்த்து, ஐந்தரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் அரிசியையும் பருப்பையும் போட்டு மூடி, மூன்று விசில் விட்டு இறக்கிவிடலாம். ஆவி தானாக அடங்கப் பத்து நிமிடம் ஆகும். அரிசியும் பருப்பும் நுரைத்துப் பொங்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் நுரை மேலேறி விசில் துளையை அடைத்துவிடக்கூடும்.

ஆக மொத்தம் முப்பத்தைந்து நிமிடங்கள். அதில் நான் அடுப்பின் முன் நிற்பது பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் இராது. மீதி நேரத்தில் மகனின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிடுவேன். நெய்யும் தயிரும் சுட்ட அப்பளமும் இருந்தால் வேறு எதுவும் வேண்டியதில்லை. அத்தைக்கு மட்டும் சோற்றின் அளவைக் குறைத்து, ஒரு பெரிய கரண்டி கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ சேர்த்துக் கொடுக்கிறேன்.

இந்தச் சமையல்கள் அனைத்திலும் நேரத்தைத் தின்பது சின்ன வெங்காயம் உரிப்பதுதான். இதற்காகவே பெரிய வெங்காயத்துக்கு மாறியவர்கள் உண்டு. ஆனால் சுவை மாறிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். வெங்காயத்தின் இரு முனைகளையும் நறுக்கிக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் தோல் தளர்ந்து விரலால் தள்ளியவுடன் கழன்றுவிடும். கண்ணும் அவ்வளவாக எரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மகளும் அத்தையும் கூடத்தில் உட்கார்ந்து அரைக் கிலோ உரித்துவிடுகிறார்கள். ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நான்கு நாட்களுக்குக் கவலையில்லை. ஈரம் இருந்தால் மறுநாளே வழவழத்துவிடும்.

சேலத்தில் சித்திரை மாதத்து இரவுகளில் அடுப்பின் அருகே நிற்பதே பெரும் தண்டனை. பச்சைப்புளி ரசம் அந்த நாட்களுக்கென்றே பிறந்தது. ஓர் எலுமிச்சை அளவு புளியை மூன்று டம்ளர் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பச்சை மிளகாயைக் கம்பியில் குத்தித் தீயில் காட்டினால் தோல் பொரிந்து கறுக்கும். அதையும், ஏழெட்டுச் சின்ன வெங்காயம், ஒரு கரண்டி சீரகம், சிறிது உப்பு ஆகியவற்றையும் உரலில் நசுக்கிப் புளிக்கரைசலில் போட்டு, நெல்லிக்காய் அளவு வெல்லமும் கொத்தமல்லித் தழையும் சேர்த்துக் கையால் பிசைந்துவிட்டால் ரசம் தயார். வெங்காயமும் மல்லியும் விரலிடுக்கில் நசுங்கி மணம் எழும்ப வேண்டும். கரண்டியால் கலக்கினால் அந்த மணம் வராது. இந்த ரசத்தைக் கொதிக்க வைப்பதே இல்லை என்பதால், புளி கரைப்பதற்குக் காய்ச்சி ஆறிய குடிநீரையே பயன்படுத்துங்கள். கையையும் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். சுடுசோற்றுக்கு இதை ஊற்றி, தொட்டுக்கொள்ள வறுத்த நிலக்கடலையோ முட்டைப் பொரியலோ வைத்தால் போதும். ரசத்தில் புரதம் எதுவும் இல்லை என்பதால், குழந்தைகளுக்கு அந்த முட்டையை நான் ஒருநாளும் தவிர்ப்பதில்லை.

பச்சைப்பயறு கடைசலுக்கு, முந்தின நாளே ஊறவைக்க மறந்துவிட்டோமே என்று வருந்த வேண்டியதில்லை. ஒரு டம்ளர் பயறை வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், தக்காளி சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில் விட்டு, மத்தால் கடைந்து தாளித்தால் முடிந்தது. கொள்ளுக்கு இந்தச் சலுகை கிடையாது. இரவு முழுவதும் ஊறாவிட்டால் அது நம்மைக் காக்கவைத்துவிடும். குழந்தைகள் சிறியவர்களாக இருந்தபோது நாங்கள் ஏற்காட்டிலேயே ஐந்தாண்டுகள் குடியிருந்தோம். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது; பருப்பு பழையது என்று என் கணவரின் கடையையே குறை சொன்னேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது என்பது பிறகுதான் புரிந்தது. மலையில் இருப்பவர்களுக்குக் குக்கர் இன்னும் அவசியம், அது இல்லாமல் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். அங்கே மார்கழியில் இட்லி மாவும் எளிதில் பொங்காது. இங்கே சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும்.

சேலத்துக்காரர்கள் என்றால் ஜவ்வரிசி உப்புமா செய்வோம் என்று வெளியூர் நண்பர்கள் எதிர்பார்க்கிறார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்கெல்லாம் பெருமைதான். கடையிலிருந்து வருவதால் எங்கள் வீட்டில் அது தீர்வதும் இல்லை. ஆனாலும் திட்டமிடாத இரவுக்கு அது உதவாது. ஒருமுறை அரை மணி நேரம் மட்டும் ஊறவைத்துவிட்டு, பசியோடு காத்திருந்த நால்வருக்கும் உப்புமா கிண்டத் தொடங்கினேன். வெளிப்புறம் பசையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, உள்ளே வெள்ளைப் புள்ளி வேகாமல் நின்றது. கடைசியில் ஒரே உருண்டையாகத் திரண்டு கரண்டியோடு மேலே வந்தது. அன்று இரவு எல்லோரும் ரொட்டியும் பாலும் சாப்பிட்டுப் படுத்தோம். காலையில் கிளம்பும்போதே ஜவ்வரிசி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, மாலையில் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். நடுவில் கடினம் இல்லாமல் மாவாக மசிந்தால் தாளித்துக் கிளறப் பத்து நிமிடம் போதும். மரவள்ளி எனப்படும் குச்சிக்கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படும் இதில் மாவுச்சத்தைத் தவிர வேறு சத்து மிகக் குறைவு, 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூட இராது. ஆகையால் வறுத்து உடைத்த நிலக்கடலையைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும். அத்தைக்கு நான் இதைக் கொடுப்பதில்லை. அன்று அவருக்கு, கேழ்வரகு மாவை மோரில் கரைத்து, நறுக்கிய வெங்காயமும் முருங்கைக்கீரையும் கலந்து இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்துவிடுவேன். புளிக்க வைக்க வேண்டியதில்லை. கரைத்துப் பத்து நிமிடத்தில் ஊற்றலாம்.

காய்கறியைப் பொறுத்தவரை, அஸ்தம்பட்டி உழவர் சந்தை விடியற்காலையில் தொடங்கி முற்பகலுக்குள் அடங்கிவிடும் என்பதால் வேலைக்குச் செல்பவர்கள் வார நாட்களில் அதை நம்ப முடியாது. ஞாயிறு காலையில் வாங்கிவந்து, கீரையைத் திங்களிலும் அவரைக்காய், பீன்ஸ் போன்றவற்றைப் புதனுக்குள்ளும் முடித்துவிட்டு, பூசணியையும் கேரட்டையும் வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

மாலை ஆறு மணிப் பசியையும் மறந்துவிடாதீர்கள். முன்பெல்லாம் நான் வருவதற்குள் பிள்ளைகள் தெருமுனையில், இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காய்கறியும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டைச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொண்டு, இரவுச் சோற்றைத் தட்டில் அளைந்துகொண்டிருப்பார்கள். அதை முற்றிலும் நிறுத்த எனக்கு மனமில்லை. அது இந்த ஊரில் வளரும் பிள்ளைகளின் உரிமை. சனிக்கிழமைக்கு என்று ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் ஐந்தரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ வேகவைத்த கடலையோ அத்தை கொடுத்துவிடுகிறார். இதனால் நான் உள்ளே நுழையும்போது யாரும் பசியால் அழுவதில்லை, எனக்கும் கைகால் கழுவ நேரம் கிடைக்கிறது.

மீந்த சோற்றில் கவனம் தேவை. வெந்த சோற்றிலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் உயிரோடு தங்கியிருக்கும்; சோறு நெடுநேரம் வெளியில் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும், பிறகு சூடுபடுத்தினாலும் அந்த நச்சு போகாது. மறுநாள் எலுமிச்சைச் சோறாக்க நினைத்தால், சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

ஒன்பது மணிக்கு வருபவருக்கான பங்கை நாங்கள் உண்பதற்கு முன்பே தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவேன்; அடியில் மீந்ததை அவருக்கு வைப்பது முறையன்று. அரிசிம்பருப்புச் சோறு அந்த நேரத்துக்குள் இறுகிக் கட்டியாகிவிடும். அதை அப்படியே சூடுபடுத்தாமல், அரை டம்ளர் வெந்நீரைச் சுற்றிலும் ஊற்றி, மூடிபோட்டு மெல்லிய தீயில் மூன்று நிமிடம் வைத்து, கரண்டியின் காம்பால் கிளறி, அரைக் கரண்டி நெய்யும் இரண்டு மிளகும் தட்டிப் போடுங்கள். அப்போதுதான் இறக்கியதைப்போல் இளகிவிடும்.