ஆளையே காணோம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 33 வயது. 2020ல் பெங்களூரிலிருந்து திருமங்கலம் வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். மாடி அறையில்தான் வேலை. அம்மா அப்பாவைத் தவிர யாரிடமும் பேசி நாளாகிறது. சில மாதம் முன்பு மதுரையில் ஒரு ஆலோசகரிடம் போனேன். தூக்கம், பசி, அப்பாவின் வேலை, பள்ளிக்கூடம் என்று முக்கால் மணி நேரம் கேள்வி. கடைசியில் ‘வெளிய போய் நாலு பேரோட பழகுங்க’ என்றார். அது தெரியாமலா போனேன்? அதோடு விட்டுவிட்டேன். நிறைய வாசிப்பவன் நான். புத்தகத்தில் இல்லாததையா இவர்கள் சொல்லிவிடப் போகிறார்கள்? ஊரிலும் பேச ஆளில்லை. டீக்கடை மாஸ்டர்கூட ‘என்ன தம்பி, ஆளையே காணோம்’ என்று எல்லார் முன்னாலும் குத்திக்காட்டினார். இப்போது அடுத்த தெருக் கடைக்குப் போகிறேன்.

மதுரையில் நல்ல தெரபிஸ்ட் ஒருவரின் பெயரைச் சொல்ல முடியுமா? நேரில் போக வேண்டுமா, ஆன்லைன் போதுமா? வீட்டில் தெரிந்தால் பைத்தியம் என்பார்கள்.

கே., திருமங்கலம்

அன்புள்ள கே.,

தனிமையைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது தெரபிஸ்ட் பற்றிய கேள்வி அல்ல, டீக்கடை வரி. குத்திக்காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்.

மதுரைப் பக்கம் ‘ஆளையே காணோம்’ என்பது வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்வது. முந்தாநாள் பார்த்தவனிடமும் சொல்வார்கள். ‘சாப்டாச்சா’ என்பவர் உங்கள் வயிற்றைச் சோதனை போடவா வருகிறார்? அந்த மாஸ்டர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கிளாஸ் கழுவி ஆற்றிக் கொடுப்பவர். அத்தனை முகத்துக்கு நடுவில் உங்கள் முகம் இல்லாதது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. திருமங்கலத்தில் நீங்கள் வராததைக் கவனித்த ஒரே ஆள் அவர்தான் போல. அவரை விட்டுத்தான் ஓடியிருக்கிறீர்கள்.

கோபப்படாதீர்கள். இது உங்கள் குணக்கேடு இல்லை. நாள்பட்ட தனிமை மூளையைக் காவல்நாய் ஆக்கிவிடுகிறது. இலை அசைந்தாலும் குரைக்கும். தனிமையையே பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் கசியோப்போ திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: தனித்துப்போனவர் அடுத்தவர் முகத்தில் முதலில் தேடுவது ஆபத்தை. அவரும் சகாக்களும் 2011ல் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். பழகும் திறனைச் சொல்லிக்கொடுப்பது, ஆதரவு தருவது, ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு உண்டாக்குவது, மற்றவர்களைப் பற்றிய தப்புக்கணக்கைத் திருத்துவது என்று தனிமைக்கான சிகிச்சைகளை நான்காகப் பிரித்துப் பார்த்தார்கள். யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகளில் நான்காவதுதான் அதிகம் பலன் தந்தது. உங்கள் ஆலோசகர் சொன்ன ‘நாலு பேரோட பழகுங்க’ மூன்றாவது வகை. கணக்கு தப்பாக இருக்கும்வரை நாலு பேர் நாற்பது பேரானாலும் நாற்பது குத்தல்தான் கேட்கும்.

பெயர் கேட்டீர்கள். தரமாட்டேன். கைராசி பார்த்து ஊசி போட்டுக்கொள்ளும் ஊர் நம்முடையது. இந்த வைத்தியத்தில் கைராசி கிடையாது, பாதி வேலை நோயாளியுடையது. எப்படித் தேடுவது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார், பேச்சு வழிச் சிகிச்சை அவருடைய தொழில். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும், பதிவு எண் இருக்கும், கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ‘கவுன்சலர்’ என்ற போர்டுக்குப் பின்னால் நன்றாகப் படித்தவரும் உண்டு, சில மாத டிப்ளமோக்காரரும் உண்டு. போனில் கேட்டுவிடுங்கள்: என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன, கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, எந்த முறையில் செய்வீர்கள், வாரா வாரம் வீட்டுப்பாடம் உண்டா, கட்டணம் எவ்வளவு. கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் வேறு எண். வீட்டுப்பாடம் இல்லை, பேசிக்கொண்டே இருப்போம் என்றாலும் உங்கள் சிக்கலுக்கு வேறு எண்தான். நினைப்பையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சி.பி.டி. முறையில் ஏறக்குறைய 12 முதல் 16 சந்திப்புகள் ஆகும். ஐந்தாறு முடிந்ததும் என்ன மாறியிருக்கிறது என்று அவரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

முதல் சந்திப்பு முழுக்கக் கேள்வி என்பது உங்கள் புகார். அது அப்படித்தான் இருக்கும். பசியும் தூக்கமும் கேட்காமல் மனச்சோர்வு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசி வாக்கியம்தான் சொத்தை. அப்போது ‘எப்படிப் பழகுவது? அங்கேதானே மாட்டிக்கொள்கிறேன்’ என்று கேட்டிருக்க வேண்டாமா? தலையாட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கிறீர்கள். டீக்கடையில் செய்ததையே அங்கேயும் செய்திருக்கிறீர்கள்.

புத்தகம் படிக்கிறேன் என்பதை விட்டுவிடுங்கள். நீச்சல் புத்தகம் படித்தவனை வைகையில் தள்ளினால் தெரியும், அதிலும் தண்ணீர் இருக்கும் மாதமாகப் பார்த்துத் தள்ள வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நீங்கள் பேசியதை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. நேரிலா ஆன்லைனா? மாடி அறையை விட்டு இறங்காதவருக்கு திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போவதே பாதி மருந்து. மேலும், கீழே அம்மா குக்கருக்குக் காதை வைத்துக்கொண்டிருக்கும்போது எதை மனம்விட்டுப் பேசுவீர்கள்? பணம் தடை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். கூட்டம் அதிகம், டாக்டரிடம் சில நிமிடம்தான் கிடைக்கும், உளவியலாளரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.

இனி வீட்டுப்பாடம். சந்திப்பு கிடைக்கும்வரை சும்மா இருக்காதீர்கள்.

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். டீக்கடைக்குக் கிளம்பும் முன் இடது பக்கம் எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு. ‘மாஸ்டர் நக்கலடிப்பார், 80.’ ‘சங்கடமாக இருக்கும்’ என்று எழுதினால் செல்லாது. சங்கடம் எப்படியும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி எழுத வேண்டும்: சிரிப்பார், முகத்தைத் திருப்புவார், பெஞ்சில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். திரும்பி வந்ததும் வலது பக்கம், நடந்ததை மட்டும். தோன்றியதை அல்ல.

பலருக்கு இது பலிக்காமல் போவதற்குக் காரணம் ஒளிந்துகொள்ளும் பழக்கங்கள். காதில் இயர்போன், கையில் போன், கடை காலியாக இருக்கும் மத்தியானம் இரண்டரைக்குப் போவது, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புவது. இவற்றோடு போய் ஒன்றும் கெட்டது நடக்காவிட்டால் மனம் என்ன சொல்லும்? இயர்போன் இருந்ததால் தப்பித்தேன் என்று. பயம் அப்படியே இருக்கும். அதனால் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் விடுங்கள். வாரத்தில் ஒரு நாள் போனால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே இருக்கும், ஐந்து நாளாவது போங்கள். எடுத்த எடுப்பில் கல்யாண வீட்டுக்குப் போகாதீர்கள், ‘உனக்கு எப்பப்பா’ என்று உண்மையாகவே குத்துகிறவர்கள் அங்கே இருப்பார்கள். டீக்கடை, பிறகு சலூன், பிறகு மதுரை நத்தம் ரோட்டுக் கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி. கல்யாண வீடு கடைசியில்.

இடையில் ஒன்று. இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் எதிலும் நாட்டமில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இந்தத் தாளோடு மல்லுக்கட்ட வேண்டாம், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் திங்கள்கிழமை காலை, கூட்டம் இருக்கும் நேரம், பழைய கடை. ‘ஆளையே காணோம்’ என்பார். ‘வேலைண்ணே’ என்றால் போதும். வடையும் வாங்கிக்கொள்ளுங்கள், தின்று முடிக்கிறவரை நிற்க வேண்டியிருக்கும்.

எழுதிய தாள்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புது ஆளிடம் போங்கள். அப்பாவின் வேலை, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாம் மறுபடியும் கேட்பார். பொறுமையாகச் சொல்லிவிட்டுத் தாளை எடுத்து மேஜையில் வையுங்கள்.