பள்ளி கொடுத்த குரோம்புக்: யார், எதை, எதுவரை பார்க்கலாம்?

குரோம்புக் என்பது கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி. அதைப் பற்றி அமெரிக்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கேட்டவை இவை. பதில்கள் அந்நாட்டுச் சட்டத்தை ஒட்டியவை.

கேள்வி: மகளின் குரோம்புக்கில் என்னென்ன கண்காணிக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: திரையின் வலது கீழ் மூலையில் நேரம் காட்டும் இடத்தைத் தட்டுங்கள். திறக்கும் பெட்டியில், கருவி பள்ளியின் நிர்வாகத்தில் இருப்பதாக ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் நிர்வாகியால் எவற்றைப் பார்க்க முடியும், பள்ளி ஏற்றிய எக்ஸ்டென்ஷன்கள் (உலாவியோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல்கள்) எவை என்று பட்டியல் வரும். கோகார்டியன், செக்யூர்லி போன்ற கண்காணிப்பு மென்பொருள் நிறுவனங்களின் பெயர்கள் இருந்தால் கவனியுங்கள். வகுப்பு நடக்கும்போது மாணவரின் திரையை ஆசிரியர் பார்க்கும் வசதி இந்நிறுவனங்களிடம் உண்டு.

கேள்வி: வீட்டுக் கணினியில் பள்ளிக் கணக்கைப் போட்டுப் படிக்கிறான். அது எங்கள் சொத்துதானே?

பதில்: பலர் கோட்டை விடுவது இங்கேதான். கண்காணிப்பு கணக்கோடும் கூடவே வரும். குரோம் உலாவியில் பள்ளிக் கணக்கைச் சேர்த்து சிங்க் (கணக்கிலுள்ள அமைப்புகளைக் கணினிக்குக் கொண்டுவரும் வசதி) போட்டதும், பள்ளியின் எக்ஸ்டென்ஷன்கள் அந்த புரொஃபைலில் (உலாவியில் ஒருவருக்கென்று உள்ள தனிப் பகுதி) வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா அதே புரொஃபைலில் வங்கிப் பக்கத்தைத் திறந்தால், அந்த முகவரியும் பதிவாகலாம். வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தட்டி, பள்ளிக்கென்று தனி புரொஃபைல் உண்டாக்குங்கள். வேறு நிறம் வைத்தால் ஒன்றுக்கொன்று மாறாது. ஏற்கெனவே கலந்துவிட்டதா? புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, அந்த புரொஃபைலையே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஹிஸ்டரியை அழித்தால்?

பதில்: கருவியில் இருப்பது போகும். பள்ளிக்காக இணையத்தை வடிகட்டும் ஃபில்டர் நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது போகாது.

கேள்வி: "சட்டம்தான் கண்காணிக்கச் சொல்கிறது" என்கிறது பள்ளி. உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2000-இல் வந்த சிபா (குழந்தைகள் இணையப் பாதுகாப்பு) சட்டப்படி, இணையக் கட்டணத்தில் ஈ-ரேட் என்ற அரசுத் திட்டத்தின் சலுகை பெறும் பள்ளி ஆபாசப் படங்களைத் தடுக்க வேண்டும், சிறுவர்களின் இணையப் பயன்பாட்டைக் கவனிக்கவும் வேண்டும். ஆனால், தனி ஆள் ஒருவரின் இணையப் பயன்பாட்டைப் பின்தொடரும்படி இது கட்டாயப்படுத்தவில்லை என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. இரவு 11 மணித் தேடலை ஒரு மாணவியின் பெயரோடு பதிந்து வைப்பது பள்ளி தானாக எடுத்த முடிவு. எழுத்தில் கேளுங்கள்: மென்பொருள் எது, பள்ளி நேரத்துக்குப் பிறகும் ஓடுமா, பதிவுகள் எத்தனை நாள் இருக்கும், மென்பொருள் அனுப்பும் எச்சரிக்கை யாருக்குப் போகும். கூடவே, 1974-இன் ஃபெர்பா (கல்விப் பதிவேடுகளின் தனியுரிமை) சட்டப்படி, பெற்றோர் பிள்ளையின் கல்விப் பதிவேடுகளைக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். 18 வயதானதும் அந்த உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடும்.

கேள்வி: கேமராவுக்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: வீண் பயம் இல்லை. பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தில், திருட்டைப் பிடிக்க வைத்த மென்பொருள் மாணவர்களை அவர்கள் வீட்டுக்குள்ளேயே படமெடுத்தது. 2010-இல் வழக்காகி, அதே ஆண்டு 6,10,000 டாலருக்குச் சமரசமானது. ஒரு துண்டு காகித டேப் ஒட்டினால் போதும். தடித்த மூடி வேண்டாம். அதோடு மூடினால் திரை விரிசல் விடும், செலவு உங்கள் தலையில்.

கேள்வி: என் சொந்த ஃபோனைத் திறந்து காட்டச் சொன்னால்?

பதில்: பள்ளிக்கு வாரண்ட் தேவையில்லை, ஆனால் நியாயமான சந்தேகம் வேண்டும், சந்தேகத்தின் எல்லைக்குள் தேட வேண்டும் (1985, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் டி.எல்.ஓ. தீர்ப்பு). கைதானவரின் ஃபோனைப் பார்க்கவே போலீசுக்குப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்றது அதே நீதிமன்றத்தின் 2014-இன் ரைலி தீர்ப்பு. நீங்களாகக் கடவுச்சொல்லைச் சொன்னால் அது சம்மதம் ஆகிவிடும். "அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பிடுங்கினால் மல்லுக்கட்ட வேண்டாம்.